காய்ந்த நிலத்தில் ஒரு பச்சைத் திட்டு

அந்த மே மாதம், புனே பக்கத்து நிக்டியில் எங்கள் குடியிருப்புக்கு மட்டும் தண்ணீர் நூல் மாதிரி வந்தது. மேல்மாடிகளுக்கு ஏறவே இல்லை. தினமும் டேங்கர். குழாயில் எங்கோ கசிவு இருக்கலாம் என்றார் பிளம்பர். ஆனால் மெயின் ரோட்டிலிருந்து புதர் மண்டிய காலி நிலத்துக்கு அடியில் அது எந்த வழியாக வருகிறது என்பது கட்டியவர்களுக்கே நினைவில்லை.

அப்போது அலுவலகத்தில் எனக்கு, செயற்கைக்கோள் படங்களை வைத்து வயல்களில் பயிர் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் வேலை. செழிப்பான இலை, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை நிறையத் திருப்பி அனுப்பும். வாடிய இலை அவ்வளவு அனுப்பாது. அந்த வித்தியாசத்துக்கு வண்ணம் கொடுத்தால் பசுமை எங்கே, வறட்சி எங்கே என்று படமே சொல்லிவிடும். ஒரு சனிக்கிழமை, சும்மா ஓர் ஆசையில், எங்கள் பகுதியின் படத்தை இறக்கினேன்.

காலி நிலம் முழுக்கப் பழுப்பு. நடுவே ஒரு சின்னப் பச்சைத் திட்டு. முந்தைய மாதத்துப் படத்தில் அது இன்னும் சிறியது. அதற்கும் முந்தைய படத்தில் இல்லவே இல்லை. ஊரே காயும்போது இது மட்டும் வளர்கிறது! நாற்காலியை விட்டு எழுந்து கீழ்வீட்டுக்கு ஓடினேன்.

கீழ்வீட்டு அக்கா புனேயின் கட்கியில் பிறந்து வளர்ந்த தமிழர்; பேச்சில் பாதி மராத்தி கலந்திருக்கும். எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர்.

"அக்கா, செருப்பப் போடுங்க! தண்ணி எங்க போகுதுன்னு தெரிஞ்சுபோச்சுங்க!"

"காய் போல்தேஸ்? என்ன சொல்ற நீ? வானத்துலேருந்து பைப் தெரியுதா?"

"பைப் தெரியாதுங்க. புல்லு தெரியுதுங்க!"

குடையை எடுத்துக்கொண்டு உடனே கிளம்பிவிட்டார். நான் கைப்பேசியில் இடத்தைப் பார்த்தபடி முன்னால் நடந்தேன். முள் கையைக் கீறியது. காலடியில் சருகு நொறுங்கியது. ஒரு புதரை விலக்கியதும் என் கால் சேற்றில் புதைந்தது. எதிரே முழங்கால் உயரப் புல். நடுவில் எருமைகள் சுகமாகப் படுத்திருந்தன.

"அரே தேவா! நாம டேங்கருக்கு ஃபோன் போட்டுட்டு உக்காந்திருக்கோம், இதுங்க ஆராமா குளிக்குதுங்க பாரு!" என்று அக்கா சிரிக்க ஆரம்பித்தார். எனக்கோ சிரிப்பு வரவில்லை. இது ஏதாவது ஊற்றாக இருந்துவிட்டால்?

அக்கா காவலாளியைக் கூப்பிட்டு, மெயின் ரோட்டில் உள்ள வால்வை மூடச் சொன்னார். சேற்றில் கொப்பளித்துக்கொண்டிருந்த ஓர் இடத்தையே இருவரும் குனிந்து பார்த்தோம். கொப்பளிப்பு தளர்ந்தது. பிறகு நின்றேவிட்டது.

நான் கத்திய கத்தலில் எருமைகள் எழுந்து நின்றன.

மறுநாள் அங்கே தோண்டினார்கள். குழாயின் இணைப்பு விட்டிருந்தது. மாற்றிவிட்டு வால்வைத் திறந்ததும் மேல்மாடிக் குழாய்கள் இருமி, துப்பி, பிறகு கொட்டின. மாடிக்கு மாடி வாளிச் சத்தமும் கைதட்டலும் கேட்டன. அக்கா முற்றத்தில் நின்று எல்லோரிடமும் மராத்தியில், அந்த சாட்டிலைட்டே என்னுடையதுதான் என்கிற அளவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மறுக்கவில்லை.

அதிலிருந்து ஆளாளுக்கு என்னிடம் வந்து எதையாவது கண்டுபிடித்துத் தரச் சொன்னார்கள். எதிர்வீட்டுக்காரர், திருட்டுப்போன தன் ஸ்கூட்டரைக் கண்டுபிடித்துத் தரமுடியுமா என்று கேட்டார். வண்டி பச்சைதானாம்.