மெழுகிய வாசல்

சாணியைக் கரைத்து ஊற்றி, உள்ளங்கையை வளைத்து வளைத்து வாசலை மெழுகிக்கொண்டிருந்தாள் வேம்பு. வாய் பாடத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தது. மறுநாள் தஞ்சாவூரில் சப்-இன்ஸ்பெக்டர் வேலைக்கு நேர்முகம். பெண்களைப் போலீஸில் எடுக்க ஆரம்பித்திருந்த காலம். கீழ்வேளூர்ப் பக்கத்துக் கூலிக்காரத் தெருவில் பி.ஏ. முடித்தவள் அவள் ஒருத்திதான். வக்கீல் அஹமது கபீர் தன் பழைய சட்டப் புத்தகங்களைக் கொடுத்து உதவியிருந்தார்.

"சம்பவம் நடந்த இடத்தைக் கழுவக் கூடாது. ரத்தம் படிந்த மண்ணைச் சுரண்டி எடுத்து..."

கை நின்றுவிட்டது.

அவள் அப்பன் வீரையன் விழுந்தது இந்த இடத்தில்தான். கூலி கூட்டிக் கேட்டுச் சிவப்புக் கொடி நட்ட வருஷம். பண்ணைக் காரியக்காரர் குஞ்சிதபாதம் வெட்டியதைப் பார்த்தது அம்மா அம்சம் மட்டும். வேம்பு சின்னப்பிள்ளை, அன்று குடவாசலில் அத்தை வீட்டில் இருந்தாள். 'கொலை வாசலில் நடக்கவில்லை, வயலில் நடந்த கலகத்தில் யார் வெட்டியதோ' என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். வாசலில் ஒரு பொட்டு ரத்தமில்லை. குஞ்சிதபாதம் விடுதலையானார்.

மழையில் மெழுகல் கரைந்தால் அடியில் சிவப்புத் தெரிகிறது என்பாள் அம்சம். அந்த ஊரில் செம்மண் கிடையாது, எல்லாம் கறுப்புக் களி. வேம்பு கண்ணுக்கும் அது தெரிந்திருக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை.

"என்னாடி, கை மரத்துப் போச்சா? நாளைக்கி அதிகாரி ஆவப்போறவ, சாணிய மோந்து பாக்குற" என்றாள் அம்சம், முறத்தைத் தட்டியபடி.

"யம்மா, அன்னிக்கி வாசல மெழுகுனது யாரு?"

"நாந்தான். உசுரு போன எடத்த மெழுகாம வெளக்கேத்தலாமா?"

"போலீஸு வர்றதுக்கு முன்னாடியேவா?"

"ஏட்டையா வந்துட்டாரே. நல்ல மனுசன்டி. 'இன்ஸ்பெக்டரு வர நேரமாவும், பொம்பள நீ, ரத்தத்துல நிக்காதம்மா, மெழுகி வெளக்கேத்து'ன்னாரு. அவரே ஒரு வாளி தண்ணி மொண்டாந்து ஊத்துனாரு. சேரின்னு பாக்கல. நீயும் அவரு மாதிரி வரணும்."

அந்த ஏட்டையாவின் முகம் வேம்புக்குத் தெரியாது. ஆனால் குரல் காதில் விழுந்தது, இதமாக, பக்கத்தில் நின்று சொல்வதுபோல. நாளை தான் போட ஆசைப்படும் காக்கிச் சட்டையை அவர் அன்றே போட்டிருந்தார்.

சொல்லாமல் விட்டுவிடலாம். சொன்னால் அம்மாவுக்குத் தன் கையே எதிரியாகிவிடும். ஆனால் நடவுக்குப் போகச் சொல்லாமல் படிக்கவிட்டபோது அம்சம் கேட்டது ஒன்றே ஒன்று: வெட்டினவன் எப்படித் தப்பினான் என்று படித்துவந்து சொல்.

புண்ணை மூடிக் கட்டினால் உள்ளே சீழ் வைக்கும். வேம்பு சொன்னாள். புத்தகத்தில் இருந்ததைச் சொன்னாள், அந்த வாளித் தண்ணீர் எதற்கு என்பதையும் சொன்னாள்.

அம்சம் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அப்ப நாந்தான் அவன வுட்டுட்டனா?"

"ஒன்ன விட வச்சாங்கம்மா."

"தண்ணி ஊத்துனாருடி" என்றாள் அம்சம். அன்று சாப்பிடவில்லை. பாதி மெழுகிய வாசல் அப்படியே காய்ந்தது.

"நான் போவலம்மா. அந்த ஆளுவ கூட்டத்துல எனக்கென்ன வேல?" என்றாள் வேம்பு அன்றிரவு இருட்டுக்குள்ளிருந்து.

மறுநாள் காலை அம்சமே அவள் புடவையை எடுத்து வைத்தாள்.

"கெளம்பு. பஸ்ஸு போயிடும். இன்னொரு வூட்டு வாசல்ல ரத்தம் விழுந்தா, வாளித் தண்ணி வர்றதுக்கு முன்ன நீ போயி நிக்கணும்."

வேம்பு தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறினாள். அம்சம் அன்று வாசல் தெளிக்கவில்லை. கீற்று ஒன்றை விரித்து மெழுகாத பாதியின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள். பால்காரனைச் சுற்றிப் போகச் சொன்னாள். ஆடு ஒன்று கால்வைக்க வந்தது, கல்லெடுத்து விரட்டினாள்.