வராதும் தெரியாதும்

பேருந்து டிப்போவில் அவளைக் குழாயக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. சேறும் சகதியுமாக வந்து நிற்கிற வண்டிகளைக் குழாய் பிடித்துக் குளிப்பாட்டி, கண்ணாடி துடைத்து, சீட்டுக்கு அடியில் கிடக்கிற பிஸ்கட் காகிதத்தைப் பொறுக்கி, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பின பிள்ளைகளைப் போல வரிசையாக நிறுத்துவது அவள் வேலை. கழுவுகிற இடத்துக்கு வண்டியைக் கொண்டுவர டிரைவர்களைக் கெஞ்சிக் கெஞ்சி அலுத்துப்போய், ஒருநாள் அவளே ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தாள். அப்புறம் விடவே இல்லை. கனரக வண்டிக்கான லைசென்ஸும் எடுத்துவிட்டாள். டிப்போவுக்குள் அவள் ஓட்டாத பேருந்து கிடையாது. கேட்டைத் தாண்டித்தான் ஓட்டினதில்லை.

தாண்ட வேண்டுமென்றால் கம்பெனி வைக்கிற டிரைவர் தேர்வில் தேற வேண்டும். அது வருஷத்துக்கு ஒருமுறை. அடுத்த வருஷம் அவளுக்கு வயது கடந்துவிடும். இந்த வருஷம் விட்டால் கடைசிவரைக்கும் குழாய்தான்.

கம்பெனியோ இந்தத் தடவை புதுசாக ஒரு விதி போட்டுவிட்டது. தேர்வை வீட்டிலிருந்தே லேப்டாப்பில் எழுத வேண்டும். போனில் கூடாது. கேமராவில் எழுதுகிறவர் முகம் தவிர வேறு முகம் தெரியக்கூடாது. நாத்தனார் வீட்டில் ஒரு லேப்டாப் இருந்தது. கேட்டாள். "எங்களுக்கே அன்னைக்கு வேலை இருக்கே அண்ணி" என்று பதில் வந்தது. ஒருதரம் இல்லை என்ற வாசலை மறுதரம் மிதிக்கிற சுபாவம் குழாயக்காவுக்கு இல்லை. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பாள். நாலாவது காலை நீங்கள் பிடித்துக் காட்டினாலும் அது வால் என்பாள். பழைய கம்ப்யூட்டர் விற்கிற கடைக்குப் போய், மூடியில் கீறல் விழுந்த ஒரு லேப்டாப்பை வாங்கிக்கொண்டு வந்தாள். திங்கட்கிழமை காலையில் தேர்வு. வாங்கினது வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

வீட்டுக்கு வந்து பொத்தானை அழுத்தினால், கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாக, கறுப்புத் திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது. பாஸ்வேர்டு கேட்டது. வேறு படமும் இல்லை, பாட்டும் இல்லை.

அவள் புருஷன் அட்டைப்பெட்டி செய்கிற தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர். எட்டிப் பார்த்துவிட்டு, "உன்னை மாதிரியேதான் இருக்கு. வாசல்லயே நிக்க வச்சுக் கேள்வி கேக்குது" என்றார்.

"உங்களை உள்ள விட்டதே தப்பு" என்றாள் அவள்.

மறுநாள் காலை கடை திறக்கும்போதே போய் நின்றாள். கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அக்கா, விண்டோஸ் கேக்குற பாஸ்வேர்டா இருந்தா நான் அழிச்சுட்டு வேற போட்டுக் குடுத்துருவேன். இது மெஷின் முழிக்கும்போதே கேக்குறது. போர்டுலயே உக்காந்திருக்கு. கம்பெனிக்கு அனுப்பணும், பத்து நாள் ஆகும்."

"எனக்குத் திங்கக்கிழமை பரீட்சை தம்பி."

"நான் என்னக்கா பண்றது? வித்தவர்கிட்ட இப்பவே கேக்கறேன்" என்று போன் போட்டார். பேசினார். முகம் சுருங்கியது. திரும்பவும் கேட்டார். இந்தத் தடவை போனையே முறைத்துப் பார்த்தார்.

"தெரியாதுங்கறாரு. ரெண்டு தரம் கேட்டுட்டேன். ரெண்டு தரமும் அதேதான் சொல்லிட்டு வச்சுட்டாரு. பல் டாக்டராம். பல்லுக்குப் பதிலா நாக்கைப் பிடுங்கிட்டாங்க போல."

"கிளினிக் எங்க இருக்கு?"

"போய்க் கேட்டா மட்டும் சொல்லிருவாரா?"

"இடத்தைச் சொல்லு தம்பி. மத்ததை நான் பாத்துக்கறேன்."

லேப்டாப்பைக் காய்கறிப் பையில் போட்டுக்கொண்டு கிளினிக்குக்கு நடந்தாள். மருந்து நெடி அடிக்கிற சின்ன அறை. பிளாஸ்டிக் நாற்காலியில் கன்னம் வீங்கின ஒருத்தர் துண்டால் தாடையைத் தாங்கிக்கொண்டு காத்திருந்தார். உள்ளறைக் கதவு திறந்தே கிடந்தது. சாய்வு நாற்காலியில் ஒரு அம்மா வாயைப் பிளந்து படுத்திருக்க, டாக்டர் குனிந்து பல்லைக் குடைந்துகொண்டிருந்தார். தடித்த கண்ணாடி. பேச்சில் படு சிக்கனம். "திற", "துப்பு", "கடி", இவ்வளவுதான்.

குழாயக்கா வாசலில் நின்றபடியே ஆரம்பித்தாள். "டாக்டர், நீங்க வித்த லேப்டாப்பை நான்தான் வாங்கியிருக்கேன். முதல்ல ஒரு பாஸ்வேர்டு கேக்குதே, அது என்ன?"

"தெரியாது."

"உங்க பொருள்தானே?"

"ஆமா."

"பாஸ்வேர்டு போட்டது நீங்கதானே?"

"நான்தான்."

"அப்ப என்ன போட்டீங்க?"

"தெரியாது."

படுத்திருந்த அம்மா வாயில் பஞ்சோடு களுக்கென்று சிரித்துவிட்டாள். "ஆட்டாதீங்க" என்றார் டாக்டர்.

வேறு யாராவது என்றால் கோபித்துக்கொண்டு போயிருப்பார்கள். குழாயக்கா வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு ஞாபகம் வர்ற வரைக்கும் இங்கதான் இருப்பேன்."

"ஞாபகம் நல்லாத்தான் இருக்கு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

கன்னம் வீங்கினவர் அவள் பக்கம் சாய்ந்து, "இவரு இப்படித்தாம்மா. எனக்கு எந்தப் பல்லுன்னு கேட்டா, 'வலிக்கிற பல்லு'ங்கறாரு" என்றார்.

அந்த அம்மா பல் அடைத்துக்கொண்டு கிளம்பினாள். டாக்டர் கையுறையைக் கழற்றி, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டே வெளியே வந்து அவள் முன்னால் நின்றார்.

"கடைக்காரர்கிட்ட ரெண்டு தடவை சொல்லிட்டேன். உங்ககிட்டயும் சொல்லியாச்சு. இன்னும் எப்படிம்மா சொல்றது? தெரியாது."

இதை அவர் கையை விரித்துச் சொல்லவில்லை. கடையில் பொருளை எடுத்து வைக்கிற மாதிரி, இந்தா பிடி என்று சொன்னார். அந்தத் தொனியைக் குழாயக்கா எங்கேயோ கேட்டிருக்கிறாள். எங்கே? டிப்போவில்தான். தினம் தினம்.

டிப்போவில் ஒரு கிழட்டுப் பேருந்து உண்டு. நினைத்த இடத்தில் நின்றுவிடும். ஒருதரம் அதை ஓட்டிப் போன டிரைவர் நடுவழியிலிருந்து போன் போட்டு, "வராது, இது வராது, ஆளை அனுப்பு" என்று கத்தினார். அன்றிலிருந்து அதற்கு வராது என்றே பேராகிவிட்டது. "வராது வந்துடுச்சா?" என்று ஒருத்தர் கேட்பார். "வராது அப்பவே வந்துடுச்சே" என்று இன்னொருத்தர் சொல்வார். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் தலையைச் சொறிவார்கள்.

"டாக்டர்" என்றாள் அவள் மெல்ல. "எங்க டிப்போல ஒரு பஸ் இருக்கு. அதுக்கு வராதுன்னு பேரு."

டாக்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பேரா?"

"பேரு."

"இதுவும் பேருதாம்மா" என்றார். அன்றைக்கு முதல்தடவையாக அவருடைய பல்லும் வெளியே தெரிந்தது.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த மாதிரி, காலையிலிருந்து அந்தப் பாஸ்வேர்டு எல்லார் வாயிலும்தான் இருந்திருக்கிறது.

"எங்க வீட்ல ரெண்டு பிள்ளைங்க. கேம் ஆட பாஸ்வேர்டு கேட்டு உயிரை வாங்கும். எனக்குப் பொய் சொல்லவும் பிடிக்காது. அதான் இதையே வச்சுட்டேன். கேக்கும்போதெல்லாம் உண்மையைத்தான் சொன்னேன்."

"கண்டுபிடிக்கலையா?"

"பெரியவ வேலைக்குப் போனதுக்கப்புறம் நானே விளக்கிச் சொன்னேன். ஒரு வாரம் என்கூடப் பேசல."

குழாயக்கா லேப்டாப்பை எடுத்து மடியில் திறந்தாள். ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடித் 'தெரியாது' என்று இங்கிலீஷ் எழுத்தில் அடித்தாள். தப்பு என்றது. 'தெ'வுக்கு டி-யும் பக்கத்தில் ஒரு ஹெச்சும் போட்டிருந்தாள். 'து'வுக்கு டி-யை எடுத்துவிட்டு வேறு எழுத்தைப் போட்டாள். அதுவும் தப்பு. இன்னும் ஒருதரம்தான் விடும். அதற்குப் பிறகு அணைத்துவிட்டு முதலிலிருந்து வர வேண்டும்.

"எந்த எழுத்து போட்டீங்க டாக்டர்?"

டாக்டர் யோசித்தார். நெற்றியைத் தேய்த்தார். "தெரியலையே."

"இது பாஸ்வேர்டா, நிஜமாவா?"

"நிஜமாத்தாம்மா."

கன்னம் வீங்கினவர் வலியை மறந்து சிரித்து, உடனே தாடையைப் பிடித்துக்கொண்டு முனகினார்.

"இப்படிக் குடுங்க. என் விரலைத்தான் கேக்கணும்" என்று டாக்டர் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு, வேறெதையோ நினைக்கிறவர் மாதிரி கடகடவென்று தட்டினார். திரை வெளிச்சமாகிப் படம் வந்தது. அவர் ஒரு ஹெச்கூடப் போடவில்லை. இருக்கிற எழுத்திலேயே குறைந்த எழுத்தாகப் பார்த்துப் போட்டிருந்தார்.

"வாயிலதான் சிக்கனம்னு நெனச்சேன்" என்றாள் குழாயக்கா.

"பல்லை நல்லாத் தேய்ங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் வீங்கின கன்னத்தை உள்ளே அழைத்துப் போனார்.

திரும்புகிற வழியில் கடைக்காரரிடம் கொடுத்துப் பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டாள். அவர் நடந்ததைக் கேட்டுவிட்டு, "அந்தாளை நான் மனசுக்குள்ள எவ்வளவு திட்டினேன் தெரியுமா அக்கா" என்று காதைப் பிடித்துக்கொண்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் புருஷன் கேட்டார். "என்ன பாஸ்வேர்டு வச்சிருக்கே?"

"வராது."

"ஏன் வராது? கட்டின புருஷன்கிட்ட சொன்னா என்ன குறைஞ்சா போயிருவே?"

"அதான் சொல்லிட்டேனே."

மனிதர் ஞாயிற்றுக்கிழமை பூராவும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஆனாலும் திங்கட்கிழமை காலை, கேமராவில் வேறு முகம் விழுந்துவிடக் கூடாதென்று அறைக்கு வெளியே ஸ்டூலைப் போட்டுக் காவல் உட்கார்ந்தவர் அவர்தான். உப்பு கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரியை வாசலோடு திருப்பி அனுப்பினார். உள்ளே அவள் ஒற்றை விரலால் பதில்களை அமுக்கிக்கொண்டிருந்தாள். மழையில் பிரேக் எப்படிப் பிடிப்பது, நிறுத்தத்தில் எவ்வளவு ஒட்டி நிற்பது என்றுதான் கேட்டிருந்தார்கள். அதெல்லாம் கைப்பழக்கம்.

தேறிவிட்டாள். சும்மா சொல்லக் கூடாது, டிப்போவே கைதட்டியது. புது டிரைவருக்கு எந்த வண்டியைக் கொடுப்பார்கள்? எல்லாரும் வேண்டாமென்று ஒதுக்கினதைத்தான். முதல் நாள், புதிதாக வந்த ஆள் கழுவினது பிடிக்காமல், சீருடையை முழங்கைக்கு மேல் மடித்துக்கொண்டு அவளே ஒருதரம் வராதைக் கழுவினாள். அப்புறம் ஏறி, கேட்டைத் தாண்டினாள்.

மத்தியானம் மேம்பாலத்து இறக்கத்தில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. ஓரங்கட்டிவிட்டு டிப்போவுக்குப் போன் போட்டாள்.

"வராது" என்றாள்.

"உன் வண்டிதான், தெரியும்க்கா. என்ன விஷயம்?" என்றார் டிப்போ கிளார்க்.

"வராது வராதுங்கறேன்."

"ஓ. சரி, மெக்கானிக் வர்றாரு. கொஞ்ச நேரம் ஆகும்."

"மெதுவாவே வரட்டும்" என்றாள். பயணிகள் முணுமுணுத்துக்கொண்டு இறங்கிப் பின்னால் வந்த பேருந்தில் ஏறினார்கள். குழாயக்கா டிரைவர் சீட்டை விட்டு இறங்கவில்லை. சீட்டை ஒருதரம் முன்னால் நகர்த்தினாள், பின்னால் நகர்த்தினாள். கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பி வைத்துக்கொண்டாள்.