தகரத்துக்கு மேல் ஒரு கூரை

திண்டுக்கல் பேகம்பூரில், தகரம் போட்ட சின்ன வீட்டில் குடியிருந்தாள் கமர்ஜஹான். புருஷன் நைனா முகமதுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. சித்திரை பிறந்துவிட்டால் அந்த வீட்டுக்குள் பகலில் மனுஷர் இருக்க முடியாது. நைனா லீவு நாட்களில் பள்ளிவாசல் வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார். கமர்ஜஹானுக்குப் போக்கிடம் இல்லை. தலையில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டே கல்யாணமான நாளிலிருந்து எல்லாக் கோடையையும் தள்ளியிருந்தாள்.

ஆனால் 1959ஆம் வருஷம் அப்படி விட முடியவில்லை. வத்தலக்குண்டில் கட்டிக்கொடுத்திருந்த ஒரே மகள் ஷரீஃபா தலைப்பிரசவத்துக்கு வரப்போகிறாள். பிள்ளை பிறப்பதோ கத்திரி வெயிலில்.

“இந்தத் தகரத்துக்குக் கீழயா எம் மவ பிள்ள பெப்பா? மேல கிடுகு போடப்போறேன்” என்றாள் ஒருநாள் நைனாவிடம்.

“தகரத்து மேல கிடுகா? ஊரு சிரிக்கும் கமரு.”

“சிரிக்கட்டும். இந்த வெயில்ல சிரிச்சா அவுகளுக்குத்தான் வேர்க்கும்.”

அன்றே வேலையைத் தொடங்கிவிட்டாள். சுண்ணாம்பை நீர்க்கக் கரைத்துச் சுவருக்கு அவளே அடித்தாள். ஜன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி வந்தது. மூலையில் ஆற்றுமணல் கொட்டி அதன்மேல் புதுப் பானையை வைத்தாள். சேவுகம்பட்டியிலிருந்து சந்தைக்குத் தேங்காய் கொண்டுவரும் பொம்மையனிடம், முடைந்த தென்னங்கீற்று ஒரு வண்டி வேண்டும் என்று சொல்லிவிட்டாள். அதைத்தான் அந்தப் பக்கம் கிடுகு என்பார்கள்.

மகள் வருவதற்கு முதல்நாள் மத்தியானம் வண்டி வந்தது. கூரை வேயும் சூசைமுத்துவும் வந்தார்; ஆனால் நொண்டிக்கொண்டு. வேறொரு வீட்டில் ஏணி சறுக்கிக் கணுக்கால் வீங்கியிருந்தது.

“ஏற முடியாதும்மா. வாக்குக் குடுத்துட்டேன்னு மொகத்தக் காட்ட வந்தேன்.”

கமர்ஜஹான் கிடுகுக் குவியலைப் பார்த்தாள். ஏணியைப் பார்த்தாள். முக்காட்டை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“நீங்க கீழ உக்காந்து சொல்லுங்கண்ணே. நான் ஏறுறேன்.”

பக்கத்து வீட்டு அய்யம்மாள் ஓடிவந்தாள். “யக்கா, நெசமாவா? அப்ப நானும் வாரேன்!”

தகரத்தில் கால் வைத்ததும் சுட்டது. ஈரச்சாக்கை விரித்து அதன்மேல் உட்கார்ந்தார்கள். பொம்மையன் கீழிருந்து நீட்ட, அய்யம்மாள் வாங்கிக் கொடுக்க, கமர்ஜஹான் பரப்பிக் கட்டினாள். சூசைமுத்து திண்டுக்கல்லுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். “கீழ்வரிசைல இருந்து போம்மா! மேல் கிடுகு கீழ்க் கிடுகு மேல ஏறணும்!” சந்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

கடைசி வரிசை பாக்கி இருக்கும்போது சிறுமலைப் பக்கம் இருட்டியது. புழுதியோடு காற்று வந்தது. கட்டாத கிடுகுகள் படபடவென்று எழும்ப, கமர்ஜஹான் அவற்றின்மேல் குப்புறப் படுத்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து நைனா முகமது வேலை முடிந்து சந்துக்குள் நுழைந்தார். அண்ணாந்தவர் அப்படியே நின்றார்.

“ஏ கமரு! எறங்கு கீழ!”

“எறங்குனா அம்புட்டும் பறந்துரும்! கயித்தத் தூக்கிப் போடுங்க!”

நைனாவுக்கு ஏணியைக் கண்டாலே தலை சுற்றும். அது சந்துக்கே தெரியும். சட்டையைக் கழற்றி அய்யம்மாள் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடியபடியே ஏறினார். கூட்டம் கைதட்டியது. ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்துக் கட்டினார்கள். கடைசி முடிச்சு விழுந்த கையோடு மழை கொட்டியது. இறங்கத் தோன்றாமல் இருவரும் மேலேயே உட்கார்ந்து நனைந்தார்கள். “ஊரு சிரிக்குது கமரு” என்று சொல்லி நைனாவே சிரித்தார்.

மறுநாள் உச்சிவெயிலில் வந்திறங்கினாள் ஷரீஃபா. வாசலிலேயே கூரையை நிமிர்ந்து பார்த்தவள், உள்ளே கால் வைத்ததும் குளிர்ச்சியில் நின்றாள்.

“அம்மா, நம்ம வீடா இது? அத்தா எப்படி ஒத்துக்கிட்டாக?”

“ஒங்கத்தாதான் மேல ஏறிக் கட்டுனாக” என்றாள் கமர்ஜஹான். நைனா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

கத்திரி நடுவில் பெண்குழந்தை பிறந்தது. வேர்க்குரு ஒன்றில்லாமல் பகலெல்லாம் தூங்கியது. பிள்ளை பார்க்க வந்த பெண்கள், செத்த நேரம் இருந்துவிட்டுப் போகிறோம் என்று உட்கார்ந்து, வெயில் தாழ்ந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. அடுத்த பங்குனியில் கிடுகு ஏற்றிய சேவுகம்பட்டி வண்டிகள் அந்தச் சந்துக்கு வரிசையாக வந்தன.