மதகுப் பொந்தில் வைத்த டப்பா

எங்கள் வீட்டுக்கு எதிரே, பழைய பங்களாவுக்குப் போகிற மண்பாதை. ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு, இன்னொரு பக்கம் வாய்க்கால். என் வீட்டுக்காரர் அந்தப் பங்களாவில் தோட்ட வேலை பார்த்தார். கல்யாணமான புதிதில் மத்தியானச் சோறு நான்தான் கொண்டுபோவேன். அப்போது பாதை நிறைய ஆள். மாட்டு வண்டி வந்தால் சவுக்கோடு ஒட்டி நிற்க வேண்டும். எதிரில் யார் வந்தாலும் தலை குனிந்துகொள்வேன். அவர் கேட்டருகே நின்று, "தரையில ஏதாவது விழுந்து கிடக்குதா?" என்று சிரிப்பார்.

இப்போது பங்களா பூட்டிக் கிடக்கிறது; கேட்டருகே ஒரு நாய் மட்டும் படுத்திருக்கும். அவரும் இல்லை. சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள் தார் ரோட்டில் வண்டியில் போய்விடுகிறார்கள். பாதையில் புல் மண்டிவிட்டது.

போன பொங்கலுக்கு பெங்களூரிலிருந்து வந்த மகள், பையை வைத்ததும் வைக்காததுமாக பாதை தொடங்குகிற இடத்தில் இருக்கிற வாய்க்கால் மதகுக்கு என்னை இழுத்துப்போனாள். செங்கல் பெயர்ந்த பொந்தில் கைவிட்டுத் துழாவினாள்.

"காணோம்மா."

அப்புறம்தான் சொன்னாள். முந்தின தடவை வந்தபோது அங்கே ஒரு டப்பாவை ஒளித்துவைத்து, இடத்தை போனில் போட்டிருக்கிறாள். அதைப் பார்த்து முன்பின் தெரியாதவர்கள் தேடி வருவார்களாம். கண்டுபிடித்தால் உள்ளே இருக்கிற தாளில் பேரெழுதி, ஒரு பொருளை எடுத்து வேறொன்றைப் போட்டு, திரும்ப அங்கேயே வைத்துவிட வேண்டும். உலகமெல்லாம் இந்த விளையாட்டு உண்டாம். தேடி வந்த யாரோ, டப்பா இல்லையென்று போனில் எழுதிவிட்டார்களாம்.

"அப்பா நடந்த வழியில நாலு பேரு நடக்கட்டுமேன்னு வெச்சேன்" என்றாள்.

பேச்சுச் சத்தம் கேட்டு, பக்கத்து வீட்டிலிருந்து நாத்தனார் வந்தார். என் வீட்டுக்காரருக்கு அக்கா.

"அந்தப் பொந்தயா நோண்டுறீங்க? கைய எடுங்கடி! எவளோ அதுல செய்வினை வெச்சிருந்தா. சுருட்டின தாளு, ஊக்கு, மணி, குட்டி பொம்மை. அடுப்புக்கு சவுக்கு மிளாறு பொறுக்கப் போனப்ப பார்த்தேன். குச்சியால தள்ளி, உப்பு மிளகாயோட கொளுத்திட்டு தலைக்கு ஊத்திக்கிட்டேன்."

"ஐயோ அத்தை, அது நான் வெச்சது!"

நாத்தனார் இரண்டடி பின்னால் போனார். "நீயா? யாருக்குடி வெச்ச?"

மகளுக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. விளையாட்டை மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.

"தேடிக் கண்டுபிடிச்சு, திரும்ப அங்கியே வெக்கணுமா? இதுக்கா இவ்ளோ படிச்சீங்க?"

"உங்களுக்கு பயம்னா வேணாம் அத்தை. போன்ல இருந்து எடுத்துடறேன்."

எடுத்துவிட்டால் அந்தப் பாதைக்கு ஒருத்தர்கூட வர மாட்டார். நாத்தனார் எதிரில் நான் வாய் திறந்து பழக்கமில்லை. ஆனாலும், "இருக்கட்டுமே அண்ணி" என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

நாத்தனார் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நீயே கேக்குறியா? அப்ப மேல தமிழ்ல எழுதிப் போடுங்க. இல்லன்னா இன்னொருத்தி கொளுத்துவா."

மகள் வீட்டிலிருந்து வேறொரு டப்பாவை எடுத்துவந்து, பேனாவை என்னிடம் கொடுத்தாள். அஞ்சாவதோடு நின்ற கையெழுத்து. 'இது விளையாட்டு டப்பா. பயப்படாதீங்க' என்று மூடியில் கோணல்மாணலாக எழுதினேன். புது டப்பா பொந்துக்குள் போயிற்று.

மாசி மாதம், அண்ணாமலை நகரில் படிக்கிற பெண்பிள்ளைகள் இரண்டு பேர் ஸ்கூட்டியில் வந்தார்கள். போனைப் பார்த்துப் பார்த்துத் தோப்புக்குள் தேடினார்கள். இடத்தைச் சொல்லக்கூடாதென்று மகள் சொல்லியிருந்ததால் நான் கதவோரம் நின்றேன். நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை.

"அங்க இல்லம்மா, மதகுல பாரு!"

எடுத்தார்கள், கைதட்டினார்கள், பேரெழுதி வைத்தார்கள். உடனே ஸ்கூட்டியைத் திருப்பினார்கள். மதகோடு திரும்பிவிட்டால் பாதையில் யார் நடந்தது?

வாசலுக்கு வந்துவிட்டேன். "பங்களா கேட்டு வரைக்கும் போயிட்டு வாங்களேன்மா. எங்க வீட்டுக்காரர் அங்கதான் வேலை பார்த்தாரு."

ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். வண்டியை நிறுத்திவிட்டு நடந்தார்கள்.

"பாவம், காலெல்லாம் மண்ணாவப் போவுது" என்றார் நாத்தனார்.

கொஞ்ச நேரத்தில் கேட்டுப் பக்கம் நாய் குலைத்தது. ஆள் போனால்தான் அது குலைக்கும்.