லாங் ஆன் பக்கத்து நாற்றம்

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரகடத்துக்கு வேலைக்கு வந்த புதிதில் எனக்குப் பிடித்த ஒரே இடம், ஏரிக்கரையை ஒட்டி இருந்த கிரிக்கெட் மைதானம்தான். கம்பெனிகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே இருந்த மைதானம். எங்கள் டீம் கேப்டன் உள்ளூர்க்காரர், கம்பெனியில் அசெம்பிளி லைனில் எனக்கு அடுத்த இடத்தில் நின்று வேலை செய்பவர். அவருடைய அப்பா ஆடிய காலத்தில் மறைமலை நகரிலிருந்து சைக்கிளில் டீம்கள் வருமாம். கல்யாணப் பேச்சோ வரப்புத் தகராறோ, பொங்கல் டோர்னமென்ட் நடக்கும்போது பவுண்டரி ஓரத்தில் நின்றபடியே பேசி முடித்துவிடுவார்கள். ஹாஸ்டலில் தங்கி வேலை செய்யும் எங்களை ‘ரூம் பசங்க’ என்று தள்ளி வைத்திருந்த ஊர், நான் அங்கே ஒரே மேட்சில் நாலு விக்கெட் எடுத்த பிறகுதான் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

போன மழைக்காலத்துக்கு முன்னால் மண் நன்றாகக் காய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பிராக்டிஸ். பவுண்டரி ஓரம், லாங் ஆனில் நின்றிருந்தேன். உருண்டு வந்த பந்தை விழுந்து தடுத்தேன். முழங்கை வரை கருப்பாகச் சேறு அப்பியது. மழையே இல்லாதபோது சேறு எப்படி என்று கையை முகத்தருகே கொண்டுபோனேன். கக்கூஸ் நாற்றம். ஷாம்பூ பாக்கெட்டுகளும் ஊறிப்போன பஞ்சும் அதில் கிடந்தன. அங்கேயே வாந்தி எடுத்தேன். சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தோல் எரிந்தது, நாற்றம் மட்டும் போகவில்லை. கொஞ்ச நாள் கேண்டீனில் சாம்பார் சாதத்தைக்கூட ஸ்பூனால்தான் தின்றேன்.

அந்த வாரமே நைட் ஷிஃப்ட் முடிந்து, விடிந்த பிறகு கம்பெனி பஸ்ஸில் திரும்பும்போது கேப்டன் என் தோளைத் தட்டினார். மைதானத்துக்குள் கழிவுநீர் லாரி நின்றிருந்தது. பின்னாலிருந்து தடித்த ஓஸ் வழியாகக் கொழகொழவென்று கொட்டிக்கொண்டிருந்தது. பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடினோம்.

“யோவ், இன்னா பண்ணிகினு கீற? இது கிரவுண்டுய்யா!” என்று கத்தினார் கேப்டன்.

டிரைவர் கேபினிலிருந்து இறங்கக்கூட இல்லை. “என்னாண்ட ஏன் கத்துற? ஊத்தச் சொன்ன எடத்துல ஊத்துறேன்.”

“எங்கேர்ந்து எடுத்தாந்த?”

“பெட்ரோல் பங்க் பின்னாடி நீலக் கலர் ஹாஸ்டல். அந்த ஓனர்தான் இங்க ஊத்தச் சொன்னாரு.”

“அது எங்க ஹாஸ்டல்லாண்ணே,” என்றேன். மூன்று மாடி ஆண்களின் கழிவு, என்னுடையதும் சேர்த்து. அதில்தான் விழுந்து எழுந்திருக்கிறேன்.

ஹாஸ்டல் முதலாளியும் உள்ளூர்க்காரர்தான். நிலத்தை விற்று ஹாஸ்டல் கட்டியவர். வருஷாவருஷம் டோர்னமென்ட் கோப்பை அவர் தருவது, ஃபிளெக்ஸில் முகமும் அவருடையதே. நாங்கள் போனபோது இட்லி தின்றுகொண்டிருந்தார்.

“நீங்களும் அங்க ஆடனவருதானே மாமா?” என்றார் கேப்டன்.

“ஆடனேன், இல்லன்னல. இப்ப எவன் ஆடுறான்? எல்லாம் கம்பெனில ஓ.டி. பாக்கப் பூடுறானுங்க.” தட்டில் மிச்சமிருந்த சட்னியை விரலால் வழித்து நக்கிவிட்டுச் சிரித்தார். “எருதானேப்பா. புல்லு நல்லா வரும்.” பிறகு என்னைப் பார்த்தார். “நீ வெளியூரு. ரூம்ல இருக்கணும்னா வாய மூடிகினு இரு.”

அந்த விரலையும் அந்தச் சிரிப்பையும் பார்க்கையில், மைதானத்தில் வந்ததைவிடப் பெரிய அருவருப்பு எனக்கு அங்கே வந்தது.

ஊராட்சி அலுவலகத்தில் “பாக்கலாம்” என்றார்கள். பார்க்கவில்லை. டீம் முழுவதும் சேர்ந்து மைதானத்து வாசலில் கல் ரோலரைக் குறுக்கே உருட்டி நிறுத்தினோம். லாரி மைதானத்துக்கு வருவது நின்றது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு மேல்மண்ணை வழித்து அள்ளினோம், சுண்ணாம்புத் தூள் கொட்டினோம். அள்ளும்போது ஒருவர் மாற்றி ஒருவர் ஓரமாகப் போய் ஓங்கரித்தோம்.

பொங்கல் ஃபைனலில் எங்கள் டீம்தான் ஜெயித்தது. வெள்ளைச் சட்டையும் சென்ட் வாசனையுமாக வந்த முதலாளி, கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தபடியே மைக்கில் பேசினார். “இந்த மைதானம் நம்ம ஊருக்கே பெருமை. நம்ம தாய் மாதிரி.” கூட்டம் கை தட்டியது. எனக்குக் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

கோப்பையை வாங்கக் கூப்பிட்டபோது கேப்டன் கையை நீட்டவில்லை. மைக்கை மட்டும் வாங்கினார்.

“கப்பு வேணாம் மாமா. பெத்த தாய் மேல எவனாவது பீய ஊத்துவானா?”

முதலாளி சிரித்தார். “சின்னப் பசங்க,” என்று கோப்பையை மேஜையிலேயே வைத்துவிட்டுக் கார் ஏறிப் போனார். அதன் பிறகுதான் ஒருவர், அப்புறம் நாலைந்து பேர், விசில் அடித்தார்கள்.

நான் அன்றைக்கே ரூமைக் காலி செய்தேன். இப்போது கேப்டன் வீட்டு மாடியில் இருக்கிறேன். மைதானம் தப்பித்தது. லாரி நிற்கவில்லை. கம்பெனிக்குப் போகும் வழியில் ஒரு ஓடைக்குள் இப்போது கொட்டுகிறது. அந்த இடம் வந்ததும் பஸ்ஸில் எல்லோரும் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார்கள்.