பன்னிரண்டு ஐந்துக்குப் போன கூட்டம்

என் தங்கை லவீனா வென்றவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு எவரும் வந்து, அவளுக்கு யாரோ பிடித்துக் கொடுத்த வேலை என்று சொல்லக்கூடாது.

சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் முதல் முறை தவறி, இரண்டாம் முறை நல்ல புள்ளியோடு திறமைச் சித்தி. ரியூசனுக்கு வழியில்லாத வீட்டில் இருந்துகொண்டு, வங்கிப் படிவங்களையும் மருந்துப் பெட்டிகளையும் வாசித்து வாசித்து ஆங்கிலம். நேர்முகத்தேர்வுக்கு வந்த பதினேழு பேரில் ஐந்து பேர் பட்டதாரிகள், வேலை இவளுக்கு. முகாமையாளரின் மின்னஞ்சல் பெட்டியில் வாசிக்காமல் கிடந்தவை நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு. மூன்று கிழமையில் அவ்வளவும் முடிந்தது. நாற்பது படங்களை ஒரே மின்னஞ்சலில் அடைத்துவிட்டு, போகவில்லை என்று இவளிடம் வந்து கத்தும் அலுவலர் ஏழு பேர். கடைசியாக, அந்த முகாமையாளர்.

எங்கள் வாசிகசாலை ஆண்டு மலரில் "நம்மவர்" பக்கத்துக்கு எழுதச் சொன்னபோது, "நல்ல விஷயமாய் எழுதுங்கோ அக்கா" என்றார் செயலாளர். இதைவிட நல்ல விஷயம் என்னிடம் இல்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். கணினி பற்றி இங்கே வருவதெல்லாம் லவீனா சொல்லச் சொல்ல எழுதி, அவளுக்கே திரும்ப வாசித்துக்காட்டித் திருத்தியவை.

அவள் வேலை செய்வது வட்டுக்கோட்டைப் பக்கத்தில், முருங்கை இலையைக் காயவைத்து அரைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு விவசாயிகள் சங்கத்தில். சங்கத்தின் பெயரை எழுதப்போவதில்லை. முகாமையாளரின் பெயரை எழுதுவேன்: சுதாகரன். கூட்டங்களில் மேடையேறி விஞ்ஞான முறைப் பயிர்ச்செய்கை பற்றி ஒன்றரை மணித்தியாலம் பேசக்கூடியவர். இரண்டு வரி மின்னஞ்சல் எழுதத் தெரியாதவர். ஆறு வருடமாக அவருடைய மின்னஞ்சல்களை எழுதியது லவீனா. அவருடைய பெட்டி அவளுடைய மேசைக் கணினியிலும் திறக்கும். அவர் வீட்டுக்குக் கொண்டுபோகும் லப்டொப்பிலும் திறக்கும். எழுதி முடித்தால் அடியில் "சு. சுதாகரன், முகாமையாளர்" என்று தானாக விழும். லவீனா என்ற பெயர் எந்தக் கடிதத்திலும் இல்லை. சங்கத்துக்கு வெளியே எவருக்கும் அப்படி ஒருத்தி இருப்பதே தெரியாது.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. எவராவது "இது வேலை செய்யேல்லை" என்று வந்தால், முதலில் ஒன்றையும் அழிக்கவிடமாட்டாள். திரையை அப்படியே படம் எடுத்து வைப்பாள். பிறகு ஒரே கேள்வி: "நேற்று இதிலை யார் எதைத் தொட்டது?" எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: "ஒருத்தரும் தொடேல்லை." அந்தப் பதிலைக் கேட்டால், தொட்டவரின் முகத்தை அவள் பார்ப்பதில்லை; கணினியைப் பார்ப்பாள். சந்தைப்படுத்தும் பொடியனுக்கு வரும் மின்னஞ்சல் எல்லாம் காணாமல் போனபோது, அவனே எப்போதோ போட்டு மறந்த ஒரு விதி அவற்றை வேறொரு பெட்டிக்குள் தள்ளிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தாள். களஞ்சியக்காரரின் கூட்டங்கள் எல்லாம் விடியப்புறம் விழுந்தபோது, அவருடைய கணினி வேறு நாட்டு நேரத்தில் கிடந்தது. இவற்றுக்கெல்லாம் ஒருவராவது நன்றி சொன்னதாக எனக்குத் தெரியாது. "லவீனாட்டைக் குடு, அவள் பாப்பாள்" என்பார்கள். கரண்ட் கம்பத்தைப் பற்றிச் சொல்வது போல.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

சங்கத்துக்கு இலை உலர்த்தும் இயந்திரம் ஒன்று கொடுப்பதா இல்லையா என்று முடிவெடுக்க, கொழும்பில் இருந்து மூன்று அதிகாரிகள் கணினி வழியாகக் கூட்டத்துக்கு வர ஒப்புக்கொண்டார்கள். 2024 யூலை 12, வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணி. யூலை 4ஆம் திகதி லவீனா சுதாகரனின் பெட்டியில் இருந்து அழைப்பு அனுப்பினாள். மூவரும் வருவதாகப் பதில் போட்டார்கள். வியாழன் பின்னேரம் அவள் அவருடைய அறைக்குப் போய், "நாளைக்குப் பதினொரு மணிக்கு, சேர்" என்று நினைவுபடுத்தினாள். "ம்" என்றார்.

வெள்ளி காலை அவர் தோட்டம் பார்க்கப் போய்விட்டார். லப்டொப்பும் அவரோடு போனது. 10.40க்கும் 10.52க்கும் லவீனா அவருக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. கொழும்புக்காரர் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு முப்பத்தைந்து நிமிடம் இருந்துவிட்டு எழும்பினார்கள். 11.50க்கு சுதாகரன் ஆற அமர வந்து, தேத்தண்ணி கேட்டு, லப்டொப்பைத் திறந்தார். பதினைந்து நிமிடத்தில் கூட்டம் என்று அதில் மணி அடித்தது. அதற்குள் கொழும்பில் இருந்து போன் வந்தது.

அவர் கத்தியது வாசல்வரை கேட்டதாகக் கணக்குப் பகுதி கஜந்தினி சொன்னாள்.

"இஞ்சை பாரும்! பன்னிரண்டு ஐந்து எண்டு கிடக்கு. நீர்தானே போட்டனீர்?"

"நான் பதினொண்டுக்குத்தான் போட்டனான், சேர்."

"அப்ப இது ஆர் போட்டது? பேயோ?"

"ஆரும் தொட்டவையோ, சேர்?"

"ஒருத்தரும் தொடேல்லை! கரையிலை இருந்து வாறவைக்கு நேரம் எண்டால் என்னெண்டு தெரியும்? காத்தடிச்சால் வேலை, அடிக்காட்டில் படுக்கை."

ஏழு அலுவலர்களும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள். பெயர்கள் என்னிடம் இருக்கின்றன.

"கடலுக்குப் போறவைக்கு நேரம் தெரியாட்டில் திரும்பி வரமாட்டினம், சேர்" என்றாள் லவீனா.

அதற்குப் பிறகுதான் அவர் அந்தத் தண்டனையைச் சொன்னார். கொழும்புக்கு ஒரு மன்னிப்பு மின்னஞ்சல் போகவேண்டும். நேரத்தைப் பிழையாகப் போட்டது தானே என்று லவீனா எழுதவேண்டும். "என்ரை பெயரிலை இல்லை. உம்மடை பெயரைப் போட்டு. சங்கத் தலைவருக்கும் ஒரு பிரதி. செவ்வாய் மத்தியானத்துக்கு முதல் போகவேணும். உம்மடை கடிதம் மாத முடிவோடை முடியுதெல்லோ? அதை யோசிச்சுக்கொண்டு எழுதும்."

ஆறு வருடம் வேலை செய்தவளுக்கு வருடத்துக்கு ஒரு நியமனக் கடிதம்தான் தந்திருந்தார்கள். ஆறாவது கடிதம் யூலை 31இல் முடிகிறது. பிழையை ஏற்று எழுதினால், அதைக் காட்டியே அனுப்பலாம். எழுதாவிட்டால், எழுதவில்லை என்று அனுப்பலாம். கடற்கரையோரம் குருநகரில் எங்கள் வீட்டில் சம்பளம் என்று வருவது அவளுடையது மட்டும். நான் சட்டை தைப்பதில் வருவது மாதத்துக்கு மாதம் மாறும்.

அன்று பின்னேரம் பஸ்சில் வந்து இறங்கியவள் அழவில்லை. நான்தான் கத்தினேன்.

"திங்கக்கிழமை போகாதை. அந்த மனிசன்ரை முகத்திலை முழிக்க வேண்டாம்."

"நான் போகாட்டில், நான்தான் செய்தனான் எண்டு அவருக்கு அதுவே போதும், அக்கா."

"அப்ப மன்னிப்பு எழுதப்போறியோ?"

"ஆர் பன்னிரண்டு ஐந்து எண்டு அடிச்சது எண்டு முதல் பாக்கிறன்."

அவள் மனதில் நின்றது அந்த ஐந்து. நாட்காட்டியில் கூட்டத்துக்கு நேரம் போடும்போது, கணினி தானாக முழு மணியையும் அரை மணியையும்தான் வரிசையாகக் காட்டுமாம். பத்து, பத்தரை, பதினொன்று, பதினொன்றரை. கை தவறி அழுத்தினால் பன்னிரண்டு விழும், பன்னிரண்டரை விழும். பன்னிரண்டு ஐந்து விழாது. அதை ஒருவர் யோசித்து, விசையைத் தட்டி எழுதவேண்டும். ஏன் ஒருவர் அப்படி எழுதவேண்டும்? சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவளுக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. நாங்கள் கிறிஸ்தவ வேதக்காரர், எங்கள் வீட்டில் அந்தக் கணக்கு இல்லை.

திங்கள் காலை, வெள்ளியன்று அவருடைய திரையை அவள் எடுத்து வைத்த படத்தைக் கஜந்தினிக்குக் காட்டினாள். கஜந்தினி சங்கரத்தை ஊர்ப் பிள்ளை, வெள்ளிக்கிழமை விரதகாரி. பார்த்த உடனே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளாம்.

"எடியேய், வெள்ளிக்கிழமை பத்தரையிலை இருந்து பன்னிரண்டு வரைக்கும் இராகுகாலமெல்லோ! முடிஞ்சு அஞ்சு நிமிஷம் விட்டுத் தொடங்கப் பாத்திருக்கிறார்."

"ஆர்?"

"ஆர்? விஞ்ஞான முறைதான்."

லவீனா சிரிக்கவில்லை. ஊகத்தை அவள் நம்புவதில்லை. அவருடைய நாட்காட்டியைத் தன் மேசைக் கணினியில் திறந்து, கட்டங்களாகத் தெரிந்ததை வரிசையாகத் தெரியும்படி மாற்றி, கடைசியாக மாற்றிய நேரத்தைக் காட்டும் ஒரு நெடுக்கு நிரலையும் சேர்த்தாள். இப்படி ஒன்று இருப்பது அலுவலகத்தில் எவருக்கும் தெரியாது. அதில் இருந்தது: யூலை 11, வியாழன், இரவு 9.20.

அந்த நேரம் மேசைக் கணினி பூட்டிய அலுவலகத்தில். லவீனா குருநகரில், எனக்கு முன்னால், பொத்தான் தைத்துக்கொண்டு. அவளுடைய போனில் அலுவலக மின்னஞ்சல் கிடையாது, "உமக்கு என்னத்துக்குப் போனிலை?" என்று முன்பு மறித்தவர் சுதாகரன்தான். லப்டொப் அவர் வீட்டில்.

அவர் செய்தது என்னவென்று அவள் எனக்கு விளக்கினாள். ஒரு கூட்டத்தின் நேரத்தை மாற்றினால், இந்த மாற்றத்தை மற்றவர்களுக்கும் அனுப்பவா என்று கணினி கேட்கும். அனுப்பு என்றால் எல்லோருக்கும் போகும். வேண்டாம் என்றால் மாற்றியவருடைய நாட்காட்டியில் மட்டும் மாறும். சுவர் மணிக்கூட்டின் முள்ளைத் திருப்பினால் அறையில் உள்ள எல்லோருக்கும் நேரம் மாறுவது போல, தான் திருப்பினால் கொழும்புக்கும் மாறும் என்று மனிசன் நினைத்திருக்கிறார். கேள்வி ஆங்கிலத்தில் வந்தது. வேண்டாம் என்பதை அழுத்திவிட்டு நித்திரைக்குப் போய்விட்டார். பிறகு கொழும்புக்காரர் காரணம் கேட்டால் எதைச் சொல்வது? அதற்குத்தான் ஒருத்தியின் பெயர் தேவைப்பட்டது.

தெரியாமல் செய்ததை நான் மன்னித்திருப்பேன். பொய்யை மன்னிக்கமாட்டேன்.

செவ்வாய் காலை அவள் எழுதினாள். தன் பெட்டியில் இருந்து, பதினொரு வரி. அழைப்பு அனுப்பிய திகதி, அதில் இருந்த நேரம், மூவரும் பதில் போட்ட திகதி, முகாமையாளரின் பிரதியில் நேரம் மாற்றப்பட்ட திகதியும் மணியும், அந்த மாற்றம் எவருக்கும் அனுப்பப்படவில்லை என்பது, தான் போன் அடித்த இரண்டு நேரங்கள். மூன்று படங்கள் இணைத்தாள். அவர்கள் காத்திருந்ததற்கு வருத்தம் தெரிவித்தாள். வேறொரு நாள் கேட்டாள்.

"இராகுகாலத்தையும் போடடி" என்றாள் கஜந்தினி.

"அது அவரின்ரை நம்பிக்கை. நான் நேரத்தை மட்டும் எழுதுறன்."

நான் என்றால் போட்டிருப்பேன், பெரிய எழுத்தில்.

பதினொன்றரைக்குச் சுதாகரன் அவளுடைய மேசைக்கு வந்து நின்றார். "அனுப்பியாச்சோ?"

"எழுதி வைச்சிருக்கிறன், சேர். வாசியுங்கோ."

வாசித்தார். காது சிவந்தது என்று கஜந்தினி சொல்கிறாள்.

"ஆரைக் கேட்டு இப்பிடி எழுதினீர்?"

"நீங்கள்தான் என்ரை பெயரைப் போட்டு எழுதச் சொன்னனீங்கள். என்ரை பெயரிலை நடந்ததைத்தான் எழுதலாம்."

"என்னை வேவு பாத்திருக்கிறீர்!"

"நாட்காட்டியைப் பாத்தனான், சேர். அது ஆறு வருஷமாய் என்ரை வேலை."

அவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். குரலை இறக்கினார். "சரி. உந்த மின்னஞ்சலை அழிச்சுவிடும். அலுவலகத்திலை ஒரு சின்னக் குழப்பம் எண்டு நானே எழுதுறன். கடிதமும் புதுப்பிச்சுத் தாறன். இண்டைக்கே."

இதைக் கேட்டு என் தங்கை, எழுதியதை முதல் வரியில் இருந்து திரும்ப வாசித்தாளாம். எனக்கு அது விளங்கும். வீட்டு நிலவரம் அவளுக்குத் தெரியும்.

"அலுவலகம் எண்டு எழுதினால் ஆரை நினைப்பினம், சேர்?"

அவர் கதிரையைப் பின்னுக்குத் தள்ளினார்.

"உங்களை நினைக்கமாட்டினம்" என்றாள். அவர் பார்த்துக்கொண்டிருக்க அனுப்பிவிட்டாள்.

மேசையில் இருந்த கோப்பைத் தூக்கி நிலத்தில் அடித்தார் முகாமையாளர். பொறுக்கியது கஜந்தினி. லவீனா குனியவில்லை.

வியாழக்கிழமை சங்கத் தலைவர் அருளம்பலம் இருவரையும் கூப்பிட்டார். எழுபது வயதுத் தோட்டக்காரர், கணினி தெரியாது. மின்னஞ்சலைக் காகிதத்தில் எடுத்துக் கையில் வைத்திருந்தார். ஒரு கேள்விதான் கேட்டார்: "வியாழன் இரவு அந்த லப்டொப் ஆரிட்டை இருந்தது, சுதாகரன்?"

"என்னட்டை."

"அப்ப சரி" என்று காகிதத்தை மடித்தார்.

கொழும்புக்காரர் வேறு நாள் தந்தார்கள். ஏழாவது கடிதம் தலைவரின் கையெழுத்தோடு வந்தது. அதுவும் ஒரு வருடத்துக்குத்தான். சுதாகரன் இன்றும் முகாமையாளர். இன்றுவரை லவீனாவோடு கதைப்பதில்லை. சொல்லவேண்டியதைக் கஜந்தினியிடம் சொல்லி அனுப்புகிறார். அன்று சிரித்த இருவரும் மின்னஞ்சல் போகவில்லை என்று இப்போதும் அவளிடமே வருகிறார்கள். அவள் பார்த்துக் கொடுக்கிறாள். நான் என்றால் கொடுக்கமாட்டேன்.

மலர்க்குழுவினர் பிறந்த திகதி கேட்டார்கள். அதைவிட இது முக்கியம் என்பதால் இதைப் போடுங்கள். அடியில் "லவீனா" என்ற பெயரோடு அந்த அலுவலகத்தில் இருந்து முதல் மின்னஞ்சல் போன நாள்: 2024 யூலை 16, செவ்வாய்க்கிழமை, காலை 11.42.