மனையும் மனெயும்

"தலெ மேல கூடெ இருக்குதுண்ணா, சீக்கிரம் சொல்லு" என்று காய்காரம்மா அவசரப்படுத்தும்போது எனக்கு இன்றும் சிரிப்பு வரும். என் சொந்த ஊர் கோவில்பட்டியில் அது 'தல'. வேலைக்கு வந்த இந்த ஓசூரில் 'தலெ'. புத்தகத்திலுள்ள ஐகாரத்தை நாங்களும் முழுசாகச் சொல்வதில்லை, இவர்களும் சொல்வதில்லை. ஆனாலும் கேலி மட்டும் இரண்டு பக்கமும் உண்டு.

நாங்கள் இங்கே வந்த புதிதில் என் மனைவி செல்விக்கு நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. தங்கியிருந்த அறையை உடனே காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஷிப்ட் முடிந்ததும் யூனிபார்மோடு அவளைக் கூட்டிக்கொண்டு தெருத்தெருவாக வீடு தேடினேன். ஒரு வாசலில் நின்றிருந்த கௌரம்மா, கன்னடக்காரர், எங்களைப் பார்த்துக் கேட்டார்:

"மனெ பேக்கா?"

சூளகிரி வரைக்கும் சாலையோரமெல்லாம் 'மனை விற்பனைக்கு' என்ற பலகைகள்தான். மனை வேண்டுமா என்று இவரும் ஆள் பிடிக்கிறார் போல என்று நினைத்தேன்.

"மனையெல்லாம் வாங்க வசதியில்லம்மா" என்று நடையைக் கட்டினேன். செல்வி வரவில்லை. கால் வீங்கி, அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கௌரம்மா அவளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு என்னை முறைத்தார்.

"மனெ வேணாம்னா இந்தப் பொண்ண ரோட்லயா வெச்சிக்குவெ?" என்று மாடியைக் கைகாட்டினார்.

கன்னடத்தில் மனெ என்றால் வீடு என்பது அப்போதுதான் உறைத்தது. வீங்கிய காலை நீவிக்கொண்டே செல்வி சிரித்தாள். அடுத்த நாளே அந்த மாடிக்குக் குடிவந்தோம்.

மகள் யாழினி அங்கேதான் வளர்கிறாள். நாங்கள் வேலைக்குப் போனபின் கௌரம்மாவோடுதான் அவள் பேச்செல்லாம். காதுகுத்துக்குக் கோவில்பட்டி போயிருந்தபோது, "அத்தெ, தலெ வலிக்குது" என்று என் அக்காவிடம் சொன்னாள்.

"ஏல, ஒம் மவ கன்னடமா பேசுதா?"

"தமிழ்தான்க்கா" என்று விறைப்பாகச் சொன்னேன். பந்தியில் உட்கார்ந்ததும், "இங்க ஒரு எலெ போடுங்க" என்று என் வாயே என்னைக் காட்டிக்கொடுத்தது. பரிமாறிய பையன் பவ்யமாகக் கேட்டான், "சாருக்கு எந்த ஊரு?" அக்காவுக்குப் புரையேறிவிட்டது.

அன்று அங்கே நல்ல மழை. மறுநாள் ஓசூரில் வந்து இறங்கினால் இங்கும் தூறல். "அங்க மளெ பேஞ்சுதா?" என்று கௌரம்மா வாசலிலேயே கேட்டார்.

"இல்ல ஆன்ட்டி. அங்க பேஞ்சது மழ. இதுதான் மளெ" என்றாள் யாழினி.

"ரெண்டும் ஒண்ணுதாண்டி" என்றாள் செல்வி.

"ஒண்ணில்ல." யாழினி என் கையைப் பிடித்துத் தூறலில் நீட்டினாள். "ஒனக்கு எதுப்பா பேயுது?"

மற்ற கையையும் சேர்த்து நீட்டினேன். இரண்டு கைகளும் நனைந்துகொண்டிருந்தன.